பிரிண்டரே இல்லாத வீட்டுக்கு எதுக்குய்யா பிரிண்டர் வாசல்?

மொதல்லயே சொல்லிடறேன் மக்கா, இது கொஞ்சம் காரமான பதிவு.

பொட்டி தட்டுற நம்ம கூட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு. எங்க வைரஸ் வந்தாலும், எவன் டேட்டா போனாலும், "யூசருக்கு அறிவு பத்தல"ன்னு ஒரே வரியில தீர்ப்பு எழுதிட்டு டீ குடிக்கப் போயிடுவோம்.

எங்க ஊர் அய்யம்பாளையம். மருதாநதி அணைக்குக் கீழ, தேங்காய்க்குப் பேர் போன ஊர். இங்க ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கற அண்ணன்கிட்ட ஒரே கம்ப்யூட்டர், யூஎஸ்பி வயர்ல ஒரே பிரிண்டர். பட்டா, சிட்டா, ஆதார்னு பாதி ஊரோட ஜாதகம் அந்தப் பொட்டிக்குள்ள கெடக்கு. "அண்ணே, உங்க சிஸ்டத்துல 445 தொறந்திருக்கு"ன்னா, "எதுப்பா, ஷட்டரா?"ன்னுதான் கேப்பார். கேட்டா என்ன தப்பு? அவரா தொறந்தாரு?

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: ஐபி முகவரி வீடுன்னா, போர்ட் அதோட கதவு. மொத்தம் 65,535 கதவு. உள்ள ஒரு புரோகிராம் உக்காந்து "யாரது?"ன்னு காத்துட்டு இருந்தாதான் அது திறந்த கதவு. 631, 515, 9100 இதெல்லாம் பிரிண்டர் சமாச்சாரம். 445 விண்டோஸோட ஃபைல், பிரிண்டர் ஷேரிங்.

அதுலயும் ரெண்டு வகை இருக்கு. 127.0.0.1-ல 631 தொறந்திருந்தா, அது வீட்டுக்குள்ள ரூமுக்கும் ரூமுக்கும் நடுவுல இருக்கற கதவு. வெளியாள் தட்டமுடியாது, அலற வேண்டாம். 0.0.0.0-ன்னு இருந்தா அது தெருவாசல். வாசல்ல ஃபயர்வால்னு ஒரு காவக்காரன் இல்லேன்னா யாரும் வந்து தட்டலாம்.

இப்ப நம்மாளுங்க சொல்ற சாக்குக்கு வருவோம்.

"அப்டேட் போடல, அனுபவிக்கறான்." 2017 மே மாசம் வான்னாக்ரை வந்தப்ப இதான் சொன்னோம். 445 வழியா பரவுன புழு அது. 150 நாட்டுக்கு மேல அடி. நம்ம பக்கம் ஒரகடம் ரெனோ-நிசான் தொழிற்சாலையும், திருப்பதி தேவஸ்தான கம்ப்யூட்டர் சிலதும் மாட்டுச்சு. பேட்ச் மார்ச்சுலயே வந்தாச்சு, நெசம்தான். ஆனா 2021-ல வந்த பிரிண்ட்நைட்மேருக்கு என்ன பதில்? தாக்குற கோட் ஜூன் கடைசியிலயே ஊருக்கெல்லாம் கெடைச்சாச்சு. மைக்ரோசாஃப்ட் அவசர பேட்ச் விட்டது ஜூலை 6. நடுவுல ஒரு வாரம், அப்டேட்டை அக்கறையா போட்டவனும் அம்போதான். ஓட்டை இருந்தது பிரிண்ட் ஸ்பூலர்ல. ஜென்மத்துல ஒரு பக்கம்கூட பிரிண்ட் எடுக்காத சர்வர்லயும் அது தானா ஓடிட்டு இருந்துச்சு. யாரைக் கேட்டு?

"லினக்ஸ் போட்டா இந்தத் தொல்லையே இல்ல." அப்படியா ராசா? 2024 செப்டம்பர்ல சிமோன் மார்கரிட்டெல்லி வெளியிட்டதைப் படிச்சீங்களா? கப்ஸ் ஒழுங்கா உள்கதவுல இருந்துச்சு. ஆனா பிரிண்டர் தேடித்தர்றேன்னு கூடவே வந்த கப்ஸ்-பிரவுஸ்ட், 631 யூடிபிய தெருவாசல்ல தொறந்து வெச்சிருந்துச்சு. எவனோ அனுப்புற ஒரு பாக்கெட்டை நம்பி, பொய்யான பிரிண்டரைச் சேத்துக்கும். அதுல பிரிண்ட் குடுத்தா அவனோட கமாண்ட் நம்ம மிஷின்ல ஓடும்.

"வீட்டு பிரிண்டரை எவன் சீண்டப்போறான்?" 2018 நவம்பர்ல யூடியூப்ல ப்யூடிபைக்கும் நம்மூர் டி-சீரிஸுக்கும் சண்டை ஓடுனப்ப, ஒருத்தர் 9100 தொறந்திருந்த 50,000 பிரிண்டருக்கு விளம்பரத் தாள் அனுப்புனார். நல்லவேளை, தாளும் மையும்தான் போச்சு.

"தானா பிரிண்டர் தெரியலைன்னா ஜனங்க திட்டுவாங்களே?" சரி, நியாயமான கேள்விதான். பதில் ரொம்ப சிம்பிள். பிரிண்டர் சேக்கும்போது கேளு. "இதை மத்த கம்ப்யூட்டரும் பயன்படுத்தணுமா?"ன்னு தமிழ்ல ஒரே ஒரு கேள்வி. ஆமான்னா தொற, இல்லேன்னா மூடு. முடியாதுன்னு கதை விடாதீங்க. 2003-ல பிளாஸ்டர் புழு ஆடுன ஆட்டத்துக்கு அப்புறம், 2004-ல எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-ல ஃபயர்வாலைத் தானா ஓட வெச்சாங்க. வான்னாக்ரை நுழைஞ்ச அந்தப் பழைய எஸ்எம்பி 1-ஐ 2017 கடைசியில புது விண்டோஸ் 10-ல இருந்தே எடுத்தாங்க. ரெண்டும் ஊர் எரிஞ்சப்புறம் வெட்டுன கிணறு. யூசருக்குப் பாடம் எடுத்து வந்த மாற்றம் இல்ல, செஞ்சவன் டீஃபால்ட்டை மாத்துனதால வந்த மாற்றம்.

அதுவரைக்கும் நாம செய்யவேண்டியது: ஊருக்குப் போறப்ப தெரிஞ்ச கடையில பத்து நிமிஷம் உக்காருங்க. நெட்வொர்க்கை பப்ளிக்னு மாத்துங்க, வெளியில இருந்து வர்ற ஷேரிங்கை ஃபயர்வால் தடுத்துடும். யூஎஸ்பி பிரிண்டர் அது பாட்டுக்கு ஓடும். பிரிண்டரே இல்லேன்னா ஸ்பூலரையும் நிறுத்துங்க. லினக்ஸ்னா கப்ஸ்-பிரவுஸ்ட்டைத் தூக்குங்க. ரவுட்டர்ல 445, 631, 9100 எதையும் வெளிய திருப்பி விடாதீங்க.

இத்தனைக்கும் அப்புறம் "யூசருக்கு அறிவில்ல"ன்னு சொல்ல வாய் வருதா? வீடு கட்டுன கொத்தனார் பின்பக்கம் ஒரு கதவு வெச்சு, அதைச் சொல்லாமலும் போயி, திருட்டுப் போனப்புறம் வீட்டுக்காரனைப் பாத்துச் சிரிச்சா ஊர்ல என்ன செய்வாங்க? அந்த மரியாதைதான் நமக்கும் கிடைக்கணும் :-)

டிஸ்கி: ஆண்டிவைரஸ் வாங்குனா போதும்னு சொல்ல வர்றவங்க, மேல இருக்கறதை இன்னொரு தடவை படிச்சிட்டு வாங்க.