ஈச்சிலம்பற்றுக்கு யார் பொறுப்பு?



வெருகல் ஆற்றைக் கடந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 நெடுஞ்சாலை, மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு. வீட்டு வாசல்வரை வரும் ஒழுங்கை பிரதேச சபைக்கு. ஈச்சிலம்பற்றுப் பிள்ளைகள் படிக்கும் மாகாணப் பாடசாலையும், காய்ச்சல் வந்தால் முதலில் ஓடும் பிரதேச வைத்தியசாலையும் மாகாணத்தின் பொறுப்பு. ஆறு மகாவலியின் கிளை. பல மாகாணங்களைத் தொட்டு வருவதால் அதன் நீர் கொழும்பின் கையில். காடும், கரையோரமும், தொல்பொருள் இடங்களும் அப்படியே. காலையில் படலையைத் திறந்து வெளியே வரும் ஒருவர் மத்தியானத்துக்குள் மூன்று ஆட்சிகளின் எல்லைக்குள் போய் வந்துவிடுகிறார்.

இவற்றில் நடுவில் உள்ள மாகாண ஆட்சியில், 2017 செப்டம்பர் 30இலிருந்து மக்கள் தெரிந்தெடுத்த ஒருவர்கூட இல்லை. அன்றுதான் 37 உறுப்பினர் கொண்ட கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் சனாதிபதி நியமிக்கும் ஆளுநர்களே மாகாணத்தை நடத்தி வருகிறார்கள். பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லையென்று பெற்றோர் மகஜர் எழுதினால், பிரதேச செயலகத்தில் அது தங்களுடைய விடயம் அல்ல என்பார்கள். கல்வி வலயத்தில் மேலிடத்துக்கு அறிவித்திருப்பதாகச் சொல்வார்கள். நாடாளுமன்ற உறுப்பினரோ அது மாகாணத்துக்குரியது என்பார். மூன்றும் உண்மையான பதில்கள்தான். சபை இருந்த காலத்தில், அடுத்த தேர்தலில் நம்மிடம் வாக்குக் கேட்டு வரவேண்டிய ஒரு மாகாண கல்வி அமைச்சர் திருகோணமலையில் இருந்தார். இன்று அந்த மகஜர் அதிகாரிகளோடு நின்றுவிடுகிறது.

தேர்தல் ஏன் நடக்கவில்லை? 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையைக் கலப்பு முறையாக மாற்றினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. அதை முன்வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். மீளாய்வுக் குழுவொன்று அமைத்தார்கள், அறிக்கை வரவில்லை. பழைய முறைக்குத் திரும்பச் சட்டமும் செய்யவில்லை. அந்த வாக்கெடுப்பு நாளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. ஒன்பது மாகாணங்களின் வாக்குரிமையும் ஒரு சட்ட முடிச்சில் சிக்கிப்போனது. அதை அவிழ்க்க வேண்டியவர்களுக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

1987இல் இந்திய–இலங்கை உடன்படிக்கையைத் தொடர்ந்து வந்து, மாகாண சபைகளைத் தந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் முழுமையான சமஷ்டி அல்ல. அரசியலமைப்பு இன்னும் ஒற்றையாட்சி என்றே சொல்கிறது. நிறைவேற்று அதிகாரம் ஆளுநர் கையில். எல்லா விடயங்களிலும் தேசியக் கொள்கை வகுப்பது மத்திக்கு ஒதுக்கப்பட்டது. கொடுத்ததும் முழுதாகக் கைக்கு வரவில்லை. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலகங்களை மத்தியின் கீழ் கொண்டுபோனது. அரச காணிக் கொள்கைக்கென 13ஆவது திருத்தம் சொன்ன தேசியக் காணி ஆணைக்குழு இதுவரை அமைக்கப்படவே இல்லை. 2013இல் உயர் நீதிமன்றம் அரச காணி மத்தியின் அதிகாரத்துக்குள்தான் என்று தீர்ப்பளித்தது.

சபை இல்லாத காலத்தின் விலையை 2020இல் கண்டோம். அந்த ஆண்டு ஜூன் மாதம் கிழக்கின் தொல்பொருள் மரபுரிமைக்கென பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் சனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணம் இது. முதலில் நியமிக்கப்பட்ட உறுப்பினர்களில் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. அதைத் தட்டிக்கேட்டுத் தீர்மானம் போட அப்போது மாகாணத்தில் ஒரு சபை இருக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் மாவிலாறு. 2006 ஜூலையில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த அந்த அணைக்கதவு மூடப்பட்டது. புலிகளின் பகுதிக்கு வாக்குறுதியளித்த குடிநீர் வசதி செய்துதரப்படவில்லை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். கீழே சேருநுவர, மூதூர் பக்கத்து வயல்களில் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என்று மூன்று இனத்து விவசாயிகளும் நீருக்காகக் காத்திருந்தார்கள். அங்கிருந்து தொடங்கிய சண்டை ஈச்சிலம்பற்று மக்களை வாகரைக்கும், பிறகு மட்டக்களப்பு முகாம்களுக்கும் துரத்தியது. போருக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஒரு சபை இருந்திருந்தால் அதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் 1990இல் வடகிழக்கு மாகாண சபை கலைக்கப்பட்டபின் பதினாறு ஆண்டுகளாக, மேல்மடைக்காரரும் கீழ்மடைக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து தண்ணீர் பற்றிப் பேச இந்த மாகாணத்தில் தெரிவு செய்யப்பட்ட மன்றம் ஒன்று இல்லை.

சமஷ்டிக் கோரிக்கைக்கும் நம் மாவட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. 1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் மாநாடு கூட்டி, சமஷ்டி அரசியலமைப்பு வேண்டும் என்று தீர்மானித்தது. 1926இல் அதே யோசனையை நாட்டுக்குச் சொன்னவர் இளைஞராக இருந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. அவரே பிரதமராகி, 1957 ஜூலையில் தமிழரசுக் கட்சியின் செல்வநாயகத்தோடு பிராந்திய சபைகளுக்கு ஒப்பந்தம் எழுதி, 1958 ஏப்ரலில் கிழித்தும் போட்டார். சமஷ்டி கேட்டால் பிரிவினை கேட்கிறான் என்ற பழியை மூன்று தலைமுறை சுமந்தோம். நாட்டுக்குள் சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது என்று 2017 ஆகஸ்ட் 4ஆம் திகதி உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் பாடசாலை மேல்வகுப்புகளில் மூன்று மொழிகளிலும் படிப்பிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சமஷ்டி கிடைக்கும்வரை மாகாண சபை எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. ஆசிரியர் இல்லாத வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இந்த ஆண்டு போனால் போனதுதான். 2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தலை நடத்த முடிந்த நாட்டுக்கு மாகாணத் தேர்தலையும் நடத்த முடியும். பெரிய தீர்வைக் கேட்டுக்கொண்டே, சட்டப்புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கும் சபையையும் கேட்போம்.

அடுத்த இதழ்களில் இதற்கென்று பக்கங்கள் ஒதுக்குகிறோம். பூநகர், இலங்கைத்துறை முகத்துவாரம், வெருகல், சேருவில, மூதூர் என்று எந்த ஊரில் இருந்தாலும், உங்கள் ஊரில் மாகாணத்துக்குரிய எந்த வேலை நின்றுபோயிருக்கிறது என்று எழுதுங்கள். எந்தக் கந்தோருக்குப் போனீர்கள், எந்தத் திகதியில், என்ன பதில் கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சிங்களத்தில் வரும் கடிதங்களையும் மொழிபெயர்த்துப் போடுவோம். தேர்தல் அறிவிக்கப்படும் நாளில் அத்தனையையும் தொகுத்து, மாவட்டத்தில் போட்டியிடும் ஒவ்வொரு கட்சிக்கும் அனுப்பி, அவர்கள் தரும் பதிலை இதே பக்கத்தில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்