கவுன்சலிங் சொல்லித்தரும் பேராசிரியர், கவுன்சலிங் கொடுக்க வேண்டாமா?

‘கவுன்சலிங் சைக்காலஜி படிச்சா என்ன வேலைக்குப் போகலாம்?’ பிளஸ் 2 ரிசல்ட் வரும் சமயத்தில் தவறாமல் வரும் கேள்வி. பதிலும் ரெடியாக இருக்கும். கல்லூரியில் பாடம் எடுக்கலாம், பிஎச்.டி. முடித்து ஆய்வு செய்யலாம், இல்லையா, சொந்தமாக ஒரு சென்டர் போடலாம். மூன்றில் ஏதாவது ஒன்று. என்னைக் கேட்டால், பிரச்சினையே இந்த ‘ஏதாவது ஒன்று’தான்.

திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கே மருத்துவம் சொல்லித்தரும் பேராசிரியர் வார்டுக்கும் போவார், நோயாளியையும் பார்ப்பார். மாணவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வார்கள். ஒரு ஆபரேஷன்கூட செய்யாதவர் சர்ஜரி பாடம் எடுத்தால் விடுவோமா? ஆனால் கவுன்சலிங் பாடத்தில் அது சர்வ சாதாரணம்.

காரணம் விதியிலேயே இருக்கிறது. யுஜிசி-யின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் ஆக முதுகலையில் 55 சதவீத மதிப்பெண், கூடவே நெட் அல்லது செட் தேர்ச்சி. நெட் என்பது சரியான விடையை டிக் செய்யும் தேர்வு. ‘அழுதுகிட்டு இருக்கிற ஒருத்தர் எதிர்ல இதுவரை எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கீங்க?’ என்று அது கேட்காது. வேலைக்குச் சேர்ந்த பிறகும் இதே கதைதான். ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு, புத்தகத்துக்கு உண்டு, பிஎச்.டி. வழிகாட்டினால் உண்டு. ஆலோசனை அறையில் கழித்த நேரத்துக்கென்று தனிக் கணக்கு கிடையாது. அப்புறம் யார் அங்கே போய் உட்காருவார்?

இத்தனைக்கும் இந்தத் துறை பிறந்தது அப்படி இல்லை. கார்ல் ரோஜர்ஸ் பெயர் இல்லாத கவுன்சலிங் சிலபஸ் இருக்காது. அவர் 1940-களிலேயே தன் ஆலோசனை உரையாடல்களை (ஆமாம், அனுமதியோடுதான்) ஒலிப்பதிவு செய்து, அதையே ஆய்வுக்கும் வகுப்புக்கும் பயன்படுத்தினார். 1945-ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு ஆலோசனை மையம் தொடங்கினார். நாம் அவருடைய கோட்பாட்டைத் தேர்வில் எழுத வைத்தோம், மையத்தை விட்டுவிட்டோம்.

சரி, இதனால் யாருக்கு நஷ்டம்? சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் ஏறிப் பாருங்கள். அத்திப்பட்டு தாண்டும்போது வள்ளூர் அனல்மின் நிலையம், 500 மெகாவாட் அலகுகள் 3. மீஞ்சூர், பொன்னேரி கடந்தால் கும்மிடிப்பூண்டி சிப்காட், இரும்பு உருக்காலைகள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் ஒரு அறைக்குப் பல பேராகத் தங்கி, ஷிப்ட் மாற்றி ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். தூக்கம் கெட்ட உடம்பு, ஊரில் கடன், போனில் மட்டும் குடும்பம். உள்ளூர்க்காரர்களுக்கோ நிலம் போன கவலை, கான்ட்ராக்ட் வேலை நிரந்தரமாகாத கவலை.

‘கம்பெனியே கவுன்சலர் வைக்கலாமே?’ என்பீர்கள். வைக்கலாம். 1948-ம் வருட தொழிற்சாலைகள் சட்டமே 500 தொழிலாளர் இருந்தால் நல அலுவலர் வேண்டும் என்றது. ஆனால் சம்பளம் கொடுப்பது நிர்வாகம் என்னும்போது, ‘நைட் ஷிப்ட்ல மெஷின் முன்னாடி நிக்கவே பயமா இருக்கு சார்’ என்று ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி அவரிடம் மனம் திறப்பாரா? அடுத்த நாள் கேட் பாஸ் இருக்குமா என்றுதான் யோசிப்பார். அதனால்தான் கல்லூரி முக்கியம். கம்பெனிக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, கான்ட்ராக்டருக்கும் வேண்டியதில்லை. தொழிலாளி நம்பிப் பேசக்கூடிய மூன்றாவது இடம் அது.

இதே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இருக்கிறது. போர், கடல், முகாம் என்று இரண்டு மூன்று தலைமுறை சுமந்து வந்த வலி. அதை எப்படி அணுகுவது என்பதற்குத் தமிழிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் கவுன்சலிங் துறைக்காரர் அல்ல, உளமருத்துவர். ஆனால் போர் நடந்த காலத்திலேயே சிகிச்சை, கற்பித்தல், ஆய்வு மூன்றையும் ஒன்றாகச் செய்தவர். 1998-ல் வெளியான அவருடைய ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ நூல் அந்த வேலையிலிருந்து வந்தது. தனி ஆளின் மனக்காயத்தை மட்டும் பார்த்தால் போதாது, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகிறது என்ற அவரது வாதத்தை இன்று வெளிநாட்டு ஆய்வாளர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள். நோயாளிகளோடு உட்காராமல், நூலகத்தில் மட்டும் இருந்திருந்தால் அது அவருக்குப் பிடிபட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதை இப்போது பேச ஒரு அவசரக் காரணமும் இருக்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி மாணவி ஒருவர் இறந்த வழக்கில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்றது. அடுத்த மாதமே யுஜிசி, உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று அறிவித்தது. தேவை ஒரே அடியாக ஏறுகிறது, வாசல் ஒன்று மூடுகிறது. யுஜிசி முடிவு சரி என்றே நினைக்கிறேன். அஞ்சலில் கற்றுக்கொள்ளும் வேலை இல்லை இது. ஆனால் நேரடி வகுப்பிலும் ஆலோசனை அறையே இல்லையென்றால் என்ன பெரிய வித்தியாசம்?

சட்டமும் பாதி வழியில் நிற்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகளுக்கு 1992 சட்டத்தின் கீழ் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு உண்டு. மற்ற உளவியலாளர்களை ஒரு சட்டத்துக்குள் கொண்டுவந்தது 2021-ம் வருட துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம்தான். அதுவரை யார் வேண்டுமானாலும் ‘கவுன்சலர்’ போர்டு மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலை.

செய்யக்கூடியது பெரிய பட்ஜெட் விஷயம் இல்லை. பொன்னேரி - கும்மிடிப்பூண்டி பகுதியில் ஒரு அரசுக் கல்லூரி, முதுகலை கவுன்சலிங் படிப்பு, அதோடு மாலை ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்காக இரவு 9 மணி வரை திறந்திருக்கும் ஆலோசனை மையம். பாடம் எடுப்பவரே வாரத்தில் 2 நாள் அங்கே அமர வேண்டும். மாணவர்கள் அவர் மேற்பார்வையில் பழக வேண்டும். இந்தி, ஒடியா தெரிந்த மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துச் சேர்க்கலாம். அந்த மணி நேரங்களைப் பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுக்க யுஜிசி ஒரு வரி சேர்த்தால் போதும். பெயர், கம்பெனி விவரம் எதுவும் வெளியே போகாது என்ற விதி மட்டும் முதல் நாளிலிருந்தே கறாராக இருக்க வேண்டும். அது ஒருமுறை உடைந்தால், சிப்காட்டிலிருந்து அப்புறம் ஒருத்தர்கூட வர மாட்டார்.

(மன அழுத்தத்தில் இருப்பவர்கள் டெலி மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழ், இந்தி, ஒடியா உள்ளிட்ட மொழிகளில் சேவை உண்டு.)