நம்பிக்கைக்குப் படிவம் எதற்கு?

வழிகாட்டி நாயுடன் விமானம் ஏறும் பார்வையற்றவரிடம் உறுதிமொழிப் படிவம் கேட்கலாம் என்று விமான நிறுவனங்களுக்கு அனுமதி தந்த அமெரிக்க விதி, 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்கிறார்கள். நாம் அதை அவமதிப்பு என்கிறோம்.

நியூஜெர்சி மாநிலம் மாரிஸ்டவுனில் இயங்கும், 1929இல் தொடங்கப்பட்ட ‘தி சீயிங் ஐ’ வழிகாட்டி நாய்ப் பள்ளியில் நாய்க்கு ஏறத்தாழ நான்கு மாதப் பயிற்சி. பிறகு, அதைப் பெறுபவர் அங்கேயே தங்கி, வாரக்கணக்கில் அதனுடன் நடந்து பழகுகிறார். போகும் வழியைத் தீர்மானிப்பவர் அவர். குறுக்கே வண்டி வந்தால், ‘போ’ என்ற கட்டளையையும் மீறி நிற்க வேண்டியது நாய். அந்த மீறலை நம்பக் கற்பதுதான் பயிற்சியிலேயே கடினமான பாடம்.

இத்தனையும் கற்றுத் தேறி, புது நாயுடன் வீடு திரும்புகிறவரைத்தான் படிவம் விசாரிக்கிறது. நாய்க்குப் பயிற்சி தந்தவர் யார்? அவருடைய தொலைபேசி எண் என்ன? கால்நடை மருத்துவர் யார்? வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போடப்பட்டது? பயணம் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ என்றால், வழியில் நாய் அசுத்தம் செய்யாது என்பதற்கு இன்னொரு படிவம். முன்கூட்டியே டிக்கெட் எடுத்தவரிடம் 48 மணி நேரத்துக்கு முன்பே இவற்றைக் கேட்கலாம். பொய் சொன்னால் குற்றம் என்ற எச்சரிக்கை வேறு. அடுத்த பயணத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து கேட்கலாம். முன்பெல்லாம் நாயின் சேணமும் பயணியின் வாய்மொழியுமே போதுமானவையாக இருந்தன. அந்த வாய்மொழி இன்று ஏன் செல்லாமல் போனது?

போலிகள் பெருகினார்கள் என்பது பதில். பெருக விட்டது யார்? மனநல ஆதரவுக்கு என்று ஒரு கடிதம் காட்டினால் பயிற்சியே இல்லாத விலங்கையும் ஏற்றலாம் என்று கதவைத் திறந்தவர்கள் இந்த விதியை இயற்றிய அதே அதிகாரிகள். அந்தக் கடிதங்கள் இணையத்தில் விலைக்குக் கிடைத்தபோது ஆண்டுக்கணக்கில் கைகட்டி நின்றவர்களும் இவர்களே. பழக்கப்படாத நாய்கள் பாய்ந்து, வழிகாட்டி நாய்கள் மிரண்டபோது பார்வையற்றோர் முறையிட்டார்கள், காதில் விழவில்லை. கடைசியில், 2020 டிசம்பரில் வெளியிட்ட இந்த விதியால் அந்தக் கதவை அடைத்தார்கள். அது சரிதான். ஆனால் அதே விதியில், தங்கள் அலட்சியத்துக்கான தண்டனையைப் பாதிக்கப்பட்டவர்கள் தலையிலேயே கட்டினார்கள். ஏமாற்றியவனை விட்டுவிட்டு, ஏமாற்றாதவரிடம் சத்தியம் வாங்குவது எந்த ஊர் நியாயம்?

விமானப் பயணத்தில் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு கூடாது என்று 1986இலேயே அமெரிக்கா சட்டம் செய்துவிட்டது. அதன் உயிரைப் படிவத்தில் கரைத்தது போதும். பயிற்சி முடித்தவரின் சொல்லுக்கு மதிப்புத் தரும் முறைக்கு அதிகாரிகள் திரும்பட்டும். அந்த முறை எப்படி அமைய வேண்டும் என்பதை, நாயின் கைப்பிடியைப் பிடித்து நடப்பவர்களைக் கேட்டே முடிவுசெய்யட்டும்.