வெளிச்சம் போடும் கோலம்

பழைய டிரான்ஸிஸ்டர் ரேடியோவைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஒரு பலகை. அதன் முதுகில் கோலம் போட்டாற்போல் செம்புக் கோடுகள். கம்பிக்குப் பதிலாக மின்சாரம் ஓடும் பாதை அது. 1936-ல் வியன்னாவிலிருந்து லண்டனுக்கு வந்து சேர்ந்த பால் ஐஸ்லர் என்ற என்ஜினீயர், தங்கியிருந்த விடுதியிலேயே இப்படி ஒரு ரேடியோவைச் செய்து பார்த்தாராம். உங்கள் வீட்டு மேஜையிலும் இந்தப் பலகையைச் செய்யலாம்.

செம்பு ஒட்டிய பலகையை எண்ணெய்ப் பசை போகத் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். 'டிரை பிலிம்' என்று நீல நிறத்தில் ஒன்று விற்கிறது. அதன் இரு புறமும் கண்ணாடி போன்ற மெல்லிய தாள் ஒட்டியிருக்கும். ஒன்றை உரித்து, பிலிமைக் குமிழி விழாமல் பலகையில் படிய வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். அறையில் மஞ்சள் விளக்கு மட்டும் எரியட்டும். கோடுகள் தெளிவாகவும் மற்ற இடமெல்லாம் கறுப்பாகவும் அச்சிட்ட தாளை, மை படிந்த பக்கம் பிலிமின் மேல் படும்படி வைத்து, மேலே கண்ணாடியை வைத்து, அல்ட்ரா வயலட் விளக்கைக் காட்டுங்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படாத இடம் சோடாத் தண்ணீரில் கரைந்துவிடும்.

எத்தனை நிமிஷம் காட்டுவது? இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். சிநேகிதர் சொன்ன கணக்கு உங்கள் விளக்குக்கு ஒத்து வராது. முதலில் ஒரு துண்டுப் பலகையைப் பலியிடுங்கள். அட்டையால் மூடி, அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு விரற்கடை நகர்த்திக்கொண்டே போங்கள். நேரம் குறைந்த இடத்தில் கோடுகள் கழன்று போகும். மிஞ்சிய இடத்தில் சந்துகளும் அடைபட்டு நிற்கும். இரண்டுமில்லாமல் சுத்தமாக நிற்கும் பகுதி எதுவோ, அதுவே உங்கள் கணக்கு.

கழுவ, லிட்டருக்கு 10 கிராம் சலவைச் சோடா. ஆப்ப சோடா உதவாது. இரண்டாவது தாளை உரிக்க மறந்தவர்கள் விடிய விடியக் கழுவலாம்!

பிறகு பெரிக் குளோரைடு திரவம். மூடாத செம்பை அது தின்றுவிடும். புடவையில் பட்டால் கறை போகாது, எவர்ஸில்வரையும் அரிக்கும். பிளாஸ்டிக் தட்டே சரி. அந்தத் தட்டு மறுபடி சமையலறைக்குள் நுழையக் கூடாது. கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம். எஞ்சிய பிலிமை நீக்கும் காஸ்டிக் சோடாவுக்கும் அப்படியே.

திரவத்தைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். கரைந்த செம்பு மீன்களுக்கு விஷம். பல பலகைகளுக்கு அதே திரவம் போதும். வலுவிழந்த பின் அபாயக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். அதுவரை சீசாவில் பெயர் எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நிறம் அசல் காப்பி டிகாக்ஷன்தான்!