ஆசிரியர் மாறுதலுக்குச் சட்டம் தேவை

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான பொது மாறுதல் கலந்தாய்வு அறிவிக்கப்பட்டதும் ஒரு குற்றச்சாட்டு கிளம்பிவிடும்: “கிராமத்தில் வேலை செய்ய யாருக்கும் மனமில்லை, எல்லாரும் டவுனுக்கே ஓடுகிறார்கள்.” இதைச் சொல்கிறவர்கள் அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம் போன்ற ஓர் ஊரை மனத்தில் வைத்து, மாறுதல் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் ஆசிரியரின் நிலையிலிருந்து ஒருமுறை யோசிக்க வேண்டும்.

கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கும் ஊர் அது. கும்பகோணத்தில் குடியிருக்கும் பட்டதாரி ஆசிரியை ஒருவர் அந்தப் பக்கத்துப் பள்ளியொன்றில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மதனத்தூர் – நீலத்தநல்லூர் பாலத்தைக் கடந்தால் அவர் வீடு போய்ச் சேரலாம். ஆனால் ஆற்றுக்கு அந்தக் கரை தஞ்சாவூர் மாவட்டம். ஆகவே வீட்டுப் பக்கம் மாறுதல் கேட்டால் அவர் ‘மாவட்டம் விட்டு மாவட்டம்’ வரிசையில்தான் நிற்க வேண்டும். மாவட்டத்துக்குள் கேட்பவர்களுக்குக் கலந்தாய்வு முடிந்த பிறகே அந்த வரிசைக்கு முறை வரும். வசதியான இடங்கள் அதற்குள் போயிருக்கும். அதே அரியலூர் மாவட்டத்தின் இன்னொரு கோடியில் வீடு உள்ளவர் நெடுந்தூரம் பஸ்ஸில் போய்வந்தாலும் அவருக்கு உள்மாவட்ட வரிசையிலேயே இடம் உண்டு.

மாவட்ட எல்லை எவ்வளவு தற்செயலானது என்பதை இந்த வட்டாரம் நன்றாக அறியும். அரியலூர் 2001 ஜனவரி 1 அன்று பெரம்பலூரிலிருந்து பிரிக்கப்பட்டது. 2002இல் மீண்டும் அதனுடன் சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23 முதல் மறுபடியும் தனி மாவட்டம். பெரம்பலூரில் வீடு கட்டிக்கொண்டு அரியலூர்ப் பக்கம் வேலை பார்த்தவருக்கு, ஏழு ஆண்டுகளுக்குள் பணியிடம் வெளிமாவட்டமாகி, உள்மாவட்டமாகி, திரும்பவும் வெளிமாவட்டமானது. அவரோ பள்ளியோ ஓரடியும் நகரவில்லை.

தொடக்கக் கல்வித் துறையில் இந்தக் கோடு இன்னும் குறுகலாக, ஒன்றிய எல்லையில் கிழிக்கப்பட்டிருந்தது. இடைநிலை ஆசிரியரின் பதவி உயர்வுக்கான முன்னுரிமை ஒன்றிய அளவில் கணக்கிடப்பட்டது. சொந்த விருப்பத்தில் வேறு ஒன்றியத்துக்குப் போனால் அங்குள்ள பட்டியலின் கடைசியில் போய் நிற்க வேண்டும். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போவதா, தலைமையாசிரியர் ஆகும் வாய்ப்பைக் காப்பாற்றிக்கொள்வதா என்று ஆயிரக்கணக்கானவர்கள் தடுமாறியிருப்பார்கள். 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 இதை மாநில அளவிலான முன்னுரிமையாக மாற்றியது. ஊர் மாற நினைப்பவர்களுக்கு அது வழியைத் திறந்தது. பல சங்கங்கள் போராட்டத்தில் இறங்கின: ஒன்றியத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டிய பதவி உயர்வு வெளியாருக்குப் போய்விடும்; பதவி உயர்வு வேண்டுமென்றால் பெண் ஆசிரியர்கள் தொலைதூர மாவட்டத்துக்குப் போக நேரும் என்பது அவர்களின் வாதம். அந்த அச்சத்தை வெறும் தன்னலம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு விதியை நம்பி இருபது ஆண்டுகள் ஓரிடத்தில் இருந்தவருக்கு, அந்த விதி ஓர் அரசாணையில் மாறிவிடுவது அநீதியாகத்தான் படும்.

கோளாறு இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆசிரியர் மாறுதல் அரசாணைகளின் மேல் நிற்கிறது. 2021 டிசம்பரில் வந்த அரசாணை 176 நெறிமுறைகளை ஓரளவு ஒழுங்குபடுத்தியது. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், கடும் நோயாளிகள், கணவரை இழந்தவர்கள், அரசுப் பணியில் உள்ள தம்பதியர் எனப் பலருக்கு முன்னுரிமை வகுத்தது. விண்ணப்பமும் இணையவழிக்கு, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்துக்கு, வந்துவிட்டது. இவையெல்லாம் நல்ல மாற்றங்கள். ஆனாலும் கலந்தாய்வுக்கு முன்பே சில இடங்கள் நிர்வாக மாறுதலில் நிரம்பிவிடுகின்றன, காலியிடங்கள் முழுமையாகக் காட்டப்படுவதில்லை என்ற புகார் ஓயவில்லை. கலந்தாய்வு எந்த மாதத்தில் நடக்கும் என்ற உறுதியும் இல்லை. கல்வியாண்டின் நடுவில் மாறுதல் நடந்தால் பாதிப்பு பத்தாம் வகுப்பு மாணவருக்குத்தான்.

நீதிமன்றம் போனால் என்ன கிடைக்கும்? 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஷில்பி போஸ் வழக்கு இதே பொருளைப் பற்றியது. பிகாரில் தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் சிலருக்கு, கணவர் பணிபுரியும் ஊருக்கே மாறுதல் தரப்பட்டது. அதனால் இடம்பெயர்ந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றம் மாறுதலை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மாற்றத்தக்க பதவியில் இருப்பவருக்கு ஒரே இடத்தில் நீடிக்கும் உரிமை கிடையாது. சட்ட விதியை மீறினாலோ கெட்ட நோக்கம் இருந்தாலோ தவிர, நீதிமன்றம் தலையிடக் கூடாது என்றது. ஆகவே மீறினால் கேள்வி கேட்கத்தக்க சட்ட விதி ஒன்று முதலில் இருக்க வேண்டும்.

கர்நாடகம் 2007இலேயே ஆசிரியர் மாறுதலுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது; 2020இல் புதிய சட்டம் கொண்டுவந்தது. நகரம், வட்டத் தலைநகர், மற்ற கிராமங்கள் என ஏ, பி, சி மண்டலங்கள் பிரிக்கப்பட்டு, கலந்தாய்வு சட்டப்படி நடக்கிறது. கட்டாய மாறுதல் அங்கே கடும் மனக்கசப்பை உண்டாக்கியதும் உண்மை. ஆனால் சண்டை சட்டமன்றத்தில், வெளிப்படையாக நடந்தது. சட்டமும் திருத்தி எழுதப்பட்டது.

நம்மிடமும் ஒரு முன்மாதிரி உண்டு. மலைப் பகுதிப் பள்ளிகளுக்கு ‘மலை சுழற்சி’ மாறுதல் இருக்கிறது, மலைப்படியும் உண்டு. சமவெளியில் பஸ் வசதி குறைந்த உள்கிராமத்துக்கு இரண்டும் கிடையாது. அங்கே பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் கூடுதல் மதிப்பெண் தந்து, அடுத்த மாறுதலில் அதை முன்னுரிமையாகக் கணக்கிட்டால், அந்தப் பணிக்காலம் பிடிக்காத தண்டனையாக இராது. ஆப்பிரிக்காவின் காம்பியா 2006இல், எட்டாத ஊர்ப் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 முதல் 40 விழுக்காடு வரை கூடுதல் படி கொடுத்தது. அதன்பின் அந்தப் பள்ளிகளைக் கேட்டு வாங்கிப் போனவர்கள் உண்டு. நம்மைவிட மிக ஏழை நாடு அது.

இன்றைய நடைமுறை நேர்மாறானது. மாறுதல் ஆணை கையில் இருந்தும், பதிலி வரும்வரை விடுவிக்க முடியாது என்று பல இடங்களில் நிறுத்திவைக்கிறார்கள். பள்ளி காலியாகக் கூடாது என்ற கவலை நியாயமே. ஆனால் பதிலியை அனுப்புவது துறையின் கடமை. அது தவறியதற்கான விலையைத் தனியொரு ஆசிரியர் கொடுக்கிறார். மனம் வேறோர் ஊரில் இருக்க, உடல் வகுப்பறையில் நின்றால் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்? சட்டம் இந்தப் பொறுப்பைத் துறையின் மேல் வைக்க வேண்டும்: ஓர் ஆசிரியருக்கு மாறுதல் தரும் அதே கலந்தாய்வில் அவர் விட்டுச்செல்லும் இடமும் நிரப்பப்பட வேண்டும்; முடியாவிட்டால் எந்தத் தேதிக்குள் நிரப்பப்படும் என்பதை எழுத்தில் தர வேண்டும்.

இதில் பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன, எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். காலியிடம் இருந்தால் தீர்மானமாக எழுதி, அடுத்த கலந்தாய்வுக்கு முன் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள்.