நேரசூசி யாருக்காக?

காலை ஆறரை மணிக்கு அலவத்துகொடையில் வீதியோரம் நிற்பவர்களை நாம் நன்கு அறிவோம். அவர்களோடு நின்று பழகியவர்கள் நாம். கண்டிப் பாடசாலை ஒன்றிற்குச் செல்லும் ஆசிரியை, கச்சேரியில் எழுதுவினைஞராகப் பணிபுரிபவர், இரவு கண்விழித்த தாதியை மாற்றப் போகும் பகல்நேரத் தாதி, கட்டுகஸ்தோட்டையில் விற்பதற்குக் கீரைக் கட்டும் வெற்றிலைக் கூடையும் சுமந்து வந்த விவசாயி ஆகிய எல்லோருடைய முகமும் மாத்தளைத் திக்கையே நோக்கியிருக்கும். பஸ் வருகின்றது, ஆனால் நிற்பதில்லை. மாத்தளையிலும் பலாபத்வெலையிலும் நிரம்பி, மிதிபலகையில் ஆட்கள் தொங்க, ஊதுகுழலை அலறவிட்டுக்கொண்டு பறந்துவிடுகின்றது. அதன் வாலைப் பிடித்தாற்போல் இன்னொன்று துரத்திச் செல்கின்றது. அதன்பின் அரைமணி நேரம் வீதி வெறிச்சோடிக் கிடக்கின்றது.

இது ஏதோ மலைக்காட்டு ஒற்றையடிப் பாதையன்று. யாழ்ப்பாணம் வரை நீளும் ஏ-9 நெடுஞ்சாலை. 1880இல் மாத்தளைக்குத் திறக்கப்பட்ட புகையிரதப் பாதையோ வத்தேகமை, உக்குவளை வழியாகக் கிழக்கே ஒதுங்கிப் போகின்றது. ஆதலால் அக்குறணை, அலவத்துகொடை மக்களுக்குப் பஸ்ஸை விட்டால் வேறு கதியில்லை. அந்தப் பஸ்ஸும் அக்குறணைக் கடைத்தெருவின் நெரிசலில் எவ்வளவு நேரம் அகப்படும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்லமுடியாது. பிங்கா ஓயா பெருக்கெடுத்து அக்குறணை நகரை மூழ்கடிக்கும் நாட்களிலோ கேட்கவே வேண்டியதில்லை.

வண்டிகள் போதாமையே குறை என்று சிலர் கூறுவர். எமது அபிப்பிராயம் அதுவன்று. ஐந்து நிமிடத்தில் மூன்று வண்டிகளும், அடுத்த அரைமணியில் ஒன்றுமே இல்லாமலும் ஓடுமானால், பத்து வண்டிகளை மேலும் சேர்த்தாலும் நிற்பவன் நின்றுகொண்டேதான் இருப்பான். நோய் எங்கேயிருக்கின்றது என்பதைப் பார்க்கவேண்டும். தனியார் பஸ்களில் சாரதிக்கும் நடத்துநருக்கும் பெரும்பாலும் நிலையான மாதச் சம்பளமில்லை. அன்றைய வசூலில் உரிமையாளரின் பங்கையும் டீசல் செலவையும் கழித்து மிஞ்சுவதே அவர்களுடைய கூலி. முன்னே போகும் வண்டிக்கும் தம் வண்டிக்கும் இடைவெளி கூடினால் வீதியில் ஆட்கள் சேர்வர். ஆட்கள் சேர்ந்தால் வசூல் பெருகும். ஆகவே பத்து மணிக்குப் பிறகு அந்த வண்டி ஒவ்வொரு சந்தியிலும் நின்று, ஊர்ந்து, தூங்கி வழிகின்றது. பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரிந்த மறுகணமே அசுர வேகம் பிடிக்கின்றது. நேரசூசியை மதித்து நடப்பவன் அன்று வீட்டுக்கு வெறுங்கையோடு போவான். மதியாதவனுக்கே கூலி. இப்படியொரு ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு, நடத்துநரின் கடுமொழியைக் குறைகூறிப் பயனென்ன?

போக்குவரத்துச் சபை வண்டிக்காரருக்குச் சம்பளம் உண்டு. பந்தயம் ஓடவேண்டிய கட்டாயமில்லை. ஆயினும் வண்டி பழுது என்றும், சாரதி வரவில்லை என்றும் ஓட்டங்கள் விடுபடுகின்றன. அது முன்கூட்டி எவருக்கும் அறிவிக்கப்படுவதில்லை. பருவச்சீட்டு வைத்திருக்கும் மாணவனின் பாடுதான் பரிதாபம். சபை வண்டியில் மட்டுமே அச்சீட்டுச் செல்லும் என்பதால் மூன்று தனியார் வண்டிகளைப் போகவிட்டு, வராத வண்டிக்காகக் காத்திருந்து, முதற் பாடத்தை இழக்கின்றான்.

பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு 1958 ஜனவரி முதலாந் திகதி இச்சபை பிறந்தது. தனியார் கம்பெனிகளின் போட்டியிலிருந்து பிரயாணிக்கு விடுதலை என்று அன்று சொல்லப்பட்டது. (அவ்வண்டிகள் சிங்கள ஸ்ரீ எழுத்துத் தாங்கி வடக்கே அனுப்பப்பட்டதையும் அதனால் விளைந்ததையும் எம் வாசகர் மறந்திருக்கமாட்டார்கள், அது வேறு கதை.) 1979இல் தனியாருக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது. போட்டியினால் சேவை சிறக்கும் என்று அப்பொழுது சொல்லப்பட்டது. இரண்டு வாக்குறுதிகளையும் கேட்ட தலைமுறை இன்றும் அதே சந்தியில் நிற்கின்றது.

இரு சாராருக்கும் ஒரே நேரசூசி வகுக்கவேண்டும் என்பது காலங்கடந்தேனும் உதித்த நல்ல யோசனை. தூரப் பயணச் சேவைகளில் அதைப் புகுத்த முற்பட்டபோது, 2025 ஆகஸ்டில் சபையின் தொழிற்சங்கங்கள் சில வேலைநிறுத்தத்தில் இறங்கின. தனியாருக்கு நல்ல நேரங்களைத் தாரைவார்த்துவிடுவார்களோ என்ற அவர்களது ஐயம் முற்றிலும் அடிப்படையற்றது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அந்த வழக்கில் பிரயாணி ஒரு தரப்பாகக்கூட அழைக்கப்படவில்லையே!

முறையிடுவது யாரிடம்? கண்டியும் மாத்தளையும் மத்திய மாகாணத்தின் இரு மாவட்டங்கள். அவ்விரண்டுக்கும் இடையே ஓடும் தனியார் வண்டிகளுக்கு அனுமதிப்பத்திரமும் நேரமும் வழங்குவது மாகாண அதிகாரம். அந்த மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். 2018இல் அதன் ஆயுள் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே உருண்டன. ஆளுநரும் அதிகாரிகளுமே நிருவாகம் நடத்தினர். அதிகாரப் பரவலாக்கம் என்றால் யாழ்ப்பாணத்துத் தமிழனின் கோரிக்கை என்று மட்டும் நினைப்போர், அலவத்துகொடைச் சந்திக்கு ஒருநாட் காலை வந்து நிற்கட்டும். பஸ் வரவில்லை என்று கேட்பதற்கு வாக்களித்து அனுப்பிய ஓர் ஆள் வேண்டாமா?

இதற்கிடையில் மக்கள் சமாளிக்கின்றார்கள். எட்டரை மணிக் கந்தோருக்கு ஆறு மணிக்கே புறப்படுகின்றார்கள். ஆசிரியைகள் நால்வர் சேர்ந்து மாத வாடகைக்கு வான் பிடிக்கின்றனர். இளைஞர் கடன்பட்டு மோட்டார் சைக்கிள் வாங்குகின்றனர். விவசாயி விடியுமுன் ஓட்டோவுக்குக் காசைக் கொட்டுகின்றான். மிளகும் கராம்பும் ஒருநாள் பொறுக்கும், கீரை பொறுக்காது. 2022இல் எரிபொருள் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டு, குறைந்தபட்சப் பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபாவாக ஏறியபோதும் இவர்கள் நடந்தும் தொற்றியும் வேலைக்குப் போனவர்களே. இந்தச் சாமர்த்தியத்தைப் புகழ்ந்து பேசுவோர் உண்டு. நாம் புகழமாட்டோம். ஆசிரியை தன் சம்பளத்திலிருந்து வானுக்குக் கொடுப்பதும், தாய் தன் குழந்தையை விழிக்குமுன் விட்டுப் போவதும், எந்த வரவு செலவுத் திட்டத்திலும் எழுதப்படாத வரிகள்.

நாம் கேட்பது அதிவேகப் பாதையன்று. அலவத்துகொடைத் தரிப்பிடத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய நேரசூசிப் பலகை ஒன்று. அதில் சபை வண்டியும் தனியார் வண்டியும் ஒரே பட்டியலில் இருக்கவேண்டும். பிந்தி வருவதற்கு மட்டுமன்றி, முந்தி ஓடிவிடுவதற்கும் அபராதம். சாரதிக்கும் நடத்துநருக்கும் நாட்சம்பளம். விடுபடும் ஓட்டத்தை முதல்நாளே அறிவிக்கும் ஏற்பாடு. மாலையில் கண்டியிலிருந்து புறப்படும் கடைசி வண்டி எது, எத்தனை மணிக்கு என்பதும் அப்பலகையில் இருக்கட்டும். இப்பொழுது அது மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்கும் நேரக்காப்பாளர் ஒருவருக்கும், அன்றைய மழைக்கும் மட்டுமே தெரிந்த இரகசியமாயிருக்கின்றது.