பெயரிடுமுன்

செஞ்சியை அடுத்த மண்டகப்பட்டுக் குடைவரையைக் கண்டவர், ஆங்குள்ள வடமொழிக் கல்வெட்டையும் அறிந்திருப்பர். செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து என்னும் நான்கும் இன்றி அக்கோயிலை அமைத்தவன் விசித்திரசித்தன் என்று அது கூறுகின்றது. அவ்விசித்திரசித்தன் யாவன்? அக்கல் ஒன்றையே நோக்கி விடை கூறல் அரிது. ஏனைய கல்வெட்டுக்களிற் பயிலும் விருதுப்பெயர்களோடு ஒப்புநோக்கியே, அவன் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னனாகிய முதலாம் மகேந்திரவர்மன் என அறிஞர் துணிந்தனர். முன்னர் உள்ளவாறு படித்தல், பின்னர் ஒப்பிடுதல், இறுதியிற் பெயர் துணிதல் என்னும் இம்முறை கல்லுக்கு மட்டுமன்று, கடலுயிர்க்கும் உரியது என்பதே யான் ஈண்டுக் கூறப்புகுவது.

ஆழ்கடலிலும் வாழும் இறகு நட்சத்திரம் என்னும் உயிரை எடுத்துக்கொள்வோம். நடுவே சிறு தட்டு. அதனின்று பத்தாகவோ அதற்கு மேலாகவோ விரியும் கைகள். ஒவ்வொரு கையின் இருமருங்கும் இறகின் இழைபோன்ற சிறுகிளைகள். பாறையைப் பற்றுதற்குக் கீழே கணுக்களோடு கூடிய பற்றுறுப்புக்கள். காண்பார்க்குச் செடியெனத் தோன்றினும், இது நட்சத்திர மீனுக்கு உறவாகிய விலங்கே. வலையில் மேலேறும்போது இதன் கைகள் எளிதில் ஒடியும்; மதுசாரத்தில் இட்டபின் நிறமும் மங்கும். இங்ஙனம் குறைபட்டுச் சாடியிற் கிடக்கும் ஒன்றைக் கண்டவுடன் பெயர் சூட்டுதல் தகுமா?

வாகன் தாம்சன் என்பார் அயர்லாந்துக் கடலிற் கிடைத்த, காம்புடைய சிற்றுயிர் ஒன்றைத் தனி இனமெனக் கொண்டு 1827-இல் பெயரிட்டு வெளியிட்டார். அஃது இறகு நட்சத்திரத்தின் இளம்பருவமே என்றும், வளர்ந்தபின் காம்பினின்று விடுபடும் என்றும் 1836-இல் அவரே எழுதினார். தம் பெயரைத் தாமே திருத்திய அப்பெரியாரை யாம் போற்றுகின்றோம். அத்திருத்தத்திற்கு இடந்தந்தது, அவர் முன்னரே செவ்விதின் எழுதிவைத்த வருணனை அன்றோ?

நம் நாட்டிலும் சான்று உண்டு. 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் ஆய்வுக்கப்பல் இந்துமாக்கடலின் ஆழத்தினின்று திரட்டிய உயிர்கள் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அமெரிக்க அறிஞர் ஆஸ்டின் கிளார்க் அவற்றுள் இவ்வினத்தனவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை, 1912-இல் அவ்வருங்காட்சியகமே வெளியிட்டது. கப்பலில் இருந்தோர் இடமும் ஆழமும் குறித்துவையாதிருப்பின், கிளார்க்கின் உழைப்பிற் பாதி வீணாகியிருக்கும்.

அற்றேல், மரபணு ஆராய்ச்சி வளர்ந்த இந்நாளில் வருணனை எதற்கு என வினவுவார் உளர். தென்துருவக் கடலின் இருபது கை இறகு நட்சத்திரங்கள் நெடுங்காலம் ஓரினமாகவே எண்ணப்பட்டன. 2023-இல் மரபணுவும் உடலமைப்பும் ஒருங்கே ஆராய்ந்து பல இனங்கள் என வகுத்தனர். அவற்றுள் புதிதாகிய ஒன்றற்கு, அதன் அடித்தட்டு ஸ்ட்ராபெரிப் பழத்தை ஒத்திருத்தல் பற்றியே பெயர் அமைந்தது. மரபணு பிரித்துக் காட்டினும், கண்ணாற் கண்டு எழுதும் கடன் ஒழிந்திலது.

நம்மவர் சாடியைக் கண்டதும் முதலிற் கேட்பது, "இதன் பெயர் என்ன?" என்பதே. கைகள் எத்தனை, எவ்விடத்திற் கிளைத்தன, பற்றுறுப்பின் கணுக்கள் எத்தனை, எக்கடலில் எவ்வளவு ஆழத்திற் கிடைத்தது என்று கேட்பார் அரியர். இவற்றைத் தமிழிற் பிழையற எழுதப் பயிலுதல், தமிழ் மாணவராகிய எமக்கும் அறிவியல் மாணவர்க்கும் பொதுவான கடமை. தெரியாதவிடத்துப் "பெயர் துணியப்படவில்லை" என எழுதுதல் நாணத்தக்கதன்று. பொய்ப்பெயர் ஒட்டுதலே நாணத்தக்கது.

ஆதியாகமத்தில் ஆதாம் பெயரிட்டனவாகக் கூறப்படுவன நாட்டு மிருகங்களும் வானத்துப் பறவைகளும் விலங்குகளுமே. கடல்வாழ்வன ஆங்குக் குறிக்கப்படவில்லை. அப்பணி நமக்கென எஞ்சியது போலும்! எஞ்சியதைப் பொறுமையோடு செய்வோமாக.